மாணாக்கரும் ஊர்த்தொண்டும்

விழா மலர்களிலே கல்லூரியின் வரலாறு எழுதப்படும். அதிபர்களின் பெருமை பேசப்படும். பரீட்சைப் பெறுபேறுகளும் விளையாட்டு வெற்றிகளும் நிரல்பட நிற்கும். இவையெல்லாம் வேண்டுவனவே. கல்லூரி தன் மாணாக்கருக்கு யாது கொடுத்தது என்னும் வினாவுக்கு இவை விடையாகும். ஆயின் இதனோடு சேர்த்துக் கேட்கவேண்டிய வேறொரு வினாவும் உண்டு. கல்லூரி நிற்கின்ற ஊருக்கு அதன் மாணாக்கர் யாது கொடுத்தனர்? இனி யாது கொடுக்கலாம்? இவ்வினாவைப் பற்றிச் சில சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நம் பாட்டன் பாட்டிமார் அறிந்த வழக்கங்களுள் ஒன்று பிடியரிசி. உலையில் அரிசி இடுமுன் வீட்டுப் பெண் அதில் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையிலே இடுவாள். குறித்த நாளிலே சேர்ப்போர் வந்து அதனைக் கொண்டு செல்வர். அவ்வாறு சேர்ந்த அரிசியும், அதனை விற்ற பணமும் கோயிலுக்கும் மடத்துக்கும் பாடசாலைக்கும் பயன்பட்டன. நமது நாட்டுச் சைவப் பாடசாலைகள் பல இவ்வாறு வளர்ந்தவையே. செல்வர் கொடுத்த காணியையும் கட்டடத்தையும் கல்வெட்டுக்கள் சொல்லும். பிடியரிசி இட்ட கைகளின் பெயரை எக்கல்வெட்டும் சொல்லாது. அக்கைகளுள் தம் பிள்ளைகளைப் படிப்பிக்க வசதியற்றோரின் கைகளும் இருந்திருக்கும்.

ஆதலின் மாணாக்கன் ஊருக்குச் செய்யும் தொண்டு ஈகை அன்று. கடன் தீர்த்தல் என்பதே என் கருத்து. கடன் தீர்க்கச் செல்பவன் எவ்வாறு செல்வான்? கொடுக்கவேண்டியது இன்னதென்று முதலிற் கேட்டறிவான். முழுவதையும் கொடுத்து முடிப்பான். கொடுத்ததைப் பறைசாற்ற நாணுவான். ஊர்த்தொண்டின் முறைகள் யாவும் இம்மூன்றினுள் அடங்கும். அவை அடங்குமாற்றைக் கீழே விளக்குவேன்.

சொல்லும் மரபும்

திருக்குறளிலே ஒப்புரவறிதல் என்பது 22 ஆம் அதிகாரம்; ஈகை என்பது 23 ஆம் அதிகாரம். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவாகத் தோன்றினும், வள்ளுவர் அவற்றை வேறுவேறாக வைத்தார். இல்லாதவனுக்கு இருப்பவன் கொடுப்பது ஈகை. ஒப்புரவோ, உலகநடையை அறிந்து அதற்கேற்ப ஒழுகுதல் என்று பரிமேலழகர் உரைப்பர். ஊரோடு கூடி வாழ்கின்றவன் அவ்வாழ்வின் பொருட்டுச் செய்யவேண்டியது ஒப்புரவு. ஈகையிலே மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் உண்டு. ஒப்புரவிலே கைகள் ஒரு நிரையாக நிற்கும். மாணாக்கரின் ஊர்த்தொண்டை நான் ஒப்புரவின் பாற்படுத்துவேன்.

சைவ மரபிலே தொண்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் திருநாவுக்கரசர் நினைவுக்கு வருவார். அவர் பெரும் புலவர். மன்னரும் வணங்கிய அடியார். அவர் கையில் இருந்ததோ உழவாரம், அதாவது புல் செதுக்கும் கருவி. கோயில் முற்றத்திலே முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்குதல் தம் தகுதிக்குக் குறைவென்று அவர் எண்ணவில்லை. அவருடைய தமக்கையார் திலகவதியாரும் திருவதிகைக் கோயிலிலே கூட்டுதலும் மெழுகுதலும் செய்து வாழ்ந்தவர். கல்வி மிக்கவன் கைவேலை செய்யலாகாது என்னும் எண்ணம் நம்மிடையே எப்படிப் புகுந்ததோ, சைவ மரபு வழியாகப் புகவில்லை என்பது திண்ணம்.

அப்பரோடு சேர்த்து நினைக்கவேண்டியவர் திங்களூர் அப்பூதியடிகள். வழிப்போக்கர் தாகந்தீரத் தண்ணீர்ப்பந்தல் வைத்தவர் அவர். பந்தலுக்குத் தம் பெயரை இட்டாரல்லர். தாம் அதுவரை கண்டறியாத திருநாவுக்கரசரின் பெயரை இட்டார். ஒரு நாள் அவ்வழியே வந்த அப்பர், உம்முடைய பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்க, அக்கேள்வியே தகாதென்று அப்பூதியடிகள் சினந்தார் எனப் பெரியபுராணங் கூறும். வேலை தொடங்குமுன் பதாகைக்கு எழுத்துத் தேடும் நம் காலத்தார்க்கு அச்சினத்திற் சிறிது வேண்டும்.

அண்மைக் காலத்து முன்மாதிரிகளும் உள. இலங்கையின் முதற் சாரணர் குழு 1912 ஆம் ஆண்டு மாத்தளையிலே தோன்றியது. நாள்தோறும் ஒரு நற்செயல் என்னும் பழக்கத்தைச் சாரணர் இயக்கம் பாடசாலைகளிற் பரப்பியது. 1924 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் மாணவர் காங்கிரஸைத் தொடங்கினர். அது பின்பு வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது. தீண்டாமை ஒழிப்பை அது தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. பிற்காலத்திலே கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கியவரும் அப்பெரியாரே.

சிரமதானம் என்னும் சொல் இன்று ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் வழங்குகின்றது. சிரமம் என்பது உழைப்பு; உழைப்பைத் தானமாகத் தருதல் என்பது பொருள். இச்சொல்லை நாடெங்கும் பரப்பிய சர்வோதய இயக்கமும் ஒரு பாடசாலையிலிருந்தே புறப்பட்டது. 1958 ஆம் ஆண்டு கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்தின, மாணாக்கரையும் ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு கனதொலுவ என்னும் ஊருக்குச் சென்றார். அது சாதியின் பெயரால் அயலாராற் புறக்கணிக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர். பட்டணத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி அம்மக்களோடு சேர்ந்து உழைத்தார்கள். அவ்வியக்கம் பின்னர் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரந்தது. ஆரியரத்தின 2024 ஆம் ஆண்டு காலமானார். பாடசாலை ஆசிரியர் ஒருவரும் சில மாணாக்கரும் விடுமுறையிலே தொடங்கிய வேலை அது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

நான் கற்ற பாடம்

இவ்வளவும் சொன்ன நான், ஒரு பிழையையும் சொல்லியாகவேண்டும். அப்பிழை என்னுடையது.

ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி முடித்துப் பணியேற்ற முதலாண்டுகளிலே, வேறொரு பாடசாலையிற் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை அறுபது மாணாக்கரைத் திரட்டி, குளக்கரைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பிலே சிரமதானம் நடத்தினேன். பதாகை எழுதுவித்தேன், சிற்றுண்டிக்கு ஒழுங்கு செய்தேன், படம் பிடிப்பவரையும் அழைத்தேன். பிள்ளைகள் மனமுவந்து உழைத்தார்கள். ஒழுங்கையின் இரு மருங்கும் பற்றைகளை வெட்டி, சிரட்டை, தகரப்பேணி, யோகட் கோப்பை, பொலித்தீன் யாவற்றையும் பொறுக்கி ஒழுங்கை முடக்கிலே குவித்தார்கள். பதினொரு மணிக்குப் படம் பிடித்தோம். பன்னிரண்டு மணிக்குக் கலைந்தோம்.

இரண்டு கிழமை கழித்து வேறொரு காரியமாக அவ்வொழுங்கையால் போனேன். நாம் குவித்த குவியல் அப்படியே கிடந்தது. இடையிலே மழை பெய்திருந்தது. ஒவ்வொரு சிரட்டையிலும் ஒவ்வொரு கோப்பையிலும் தண்ணீர் நின்றது. தண்ணீரிலே புழுக்கள் நெளிந்தன. முன்பு வளவுகளிலே சிதறிக் கிடந்தவற்றை நாம் ஓரிடத்திற் சேர்த்து, நுளம்புக்கு ஒரு மாளிகை கட்டிக் கொடுத்திருந்தோம். பிரதேச சபையாருக்கு முன்னதாக அறிவித்து உழவு இயந்திரம் வருவிக்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

படலையில் நின்ற மூதாட்டி ஒருவர் என்னை இனங்கண்டுகொண்டார். “மாஸ்ரர், படிக்கிற பிள்ளையள் வந்து செய்தது நல்லதுதான். ஆனா, உந்தக் கும்பியை எங்கடை வாசலிலை விட்டிட்டுப் போனியள். இனி ஆர் அள்ளுறது?” என்றார். நான் பேசாது நின்றேன். அவரே மேலுஞ் சொன்னார்: “பத்தையாலை எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை, மாஸ்ரர். அந்த மதகு அடைச்சுப்போய்க் கிடக்கு. மாரிக்கு மாரி வெள்ளம் வீட்டுக்கை வருது. எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பமே.”

மதகு இருந்தது ஒழுங்கையின் மறு அந்தத்திலே. நாம் துப்புரவு செய்தது பெருந்தெருவிலிருந்து பார்த்தாற் தெரியும் பக்கத்தை.

மறுநாள் மாணாக்கர் அறுவரோடு திரும்பிச் சென்றேன். இம்முறை பதாகை இல்லை. முதலிற் குவியலிலிருந்த தண்ணீரையெல்லாம் கவிழ்த்து, பிரதேச சபையாரைக் கொண்டு அதனை ஏற்றுவித்தோம். பின்பு குடியிருப்பு இளைஞரோடு சேர்ந்து மதகைத் திறந்தோம். மூன்று பின்னேரங்கள் சென்றன. முதல் நாள் ஆச்சி எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார். ஒரு பையன் மட்டும் வேண்டாமென்று தலையசைத்தான். அவன் வேண்டாமென்றதன் காரணத்தை நான் அறிவேன், ஆச்சியும் அறிவார். அவர் ஒன்றுஞ் சொல்லாமல் அக்கோப்பையைத் திரும்பக் கொண்டுபோனார். நானும் அவனை வைத்து எல்லோர்முன்னும் ஒன்றுஞ் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில், “அவர்களுடைய சேற்றை நீ வாரலாம், அவர்களுடைய தண்ணீரை நீ குடிக்கலாகாதா?” என்று மட்டும் கேட்டேன். மூன்றாம் நாள் அவன் தானே சென்று, “ஆச்சி, எனக்கும் தேத்தண்ணி தாங்கோ” என்று கேட்டு வாங்கினான். அம்மாரியிலே அவ்வொழுங்கையில் வெள்ளம் நிற்கவில்லை.

கேளாமற் செய்தது முதற்பிழை; முடிக்காமல் விட்டது இரண்டாம் பிழை; படத்துக்காகச் செய்தது மூன்றாம் பிழை. கொடுக்க மட்டும் அறிந்து, வாங்கிக்கொள்ள அறியாதிருத்தலும் ஒரு பிழையே என்பதை அப்பையனிடமிருந்து நானுங் கற்றேன்.

மூன்று வேலைகள்

இனி, மாணாக்கர் தம் வலுவுக்கேற்பச் செய்யத்தக்க வேலைகள் மூன்றை எடுத்துச் சொல்வேன். நமது கல்லூரி மாணாக்கர் சிலர் இப்போது செய்துவருபவை இவை. பணச் செலவு மிகக் குறைந்தவை. ஒழுங்கு மிகுதியாக வேண்டுபவை.

முதலாவது, நுளம்பு பெருகும் இடங்களை அழித்தல். 2017 ஆம் ஆண்டிலே இலங்கையில் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலாற் பீடிக்கப்பட்டனர். 400 இற்கு மேற்பட்டோர் இறந்தனர். வடபகுதியிலே மாரிமழையோடு இந்நோயும் வரும். இதனைப் பரப்பும் ஈடிசு நுளம்பு வாய்க்காற் சேற்றிலே பெருகுவதன்று. சட்டி, சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய ரயர், தண்ணீர்த் தொட்டி முதலியவற்றிலே நிற்கும் தெளிந்த நீரிற் பெருகுவது. பகலிலே, சிறப்பாகக் காலையும் மாலையும், கடிப்பது. முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாள் செல்லும். கிழமைக்கு ஒருமுறை நீரைக் கவிழ்த்தால் போதும் என்று சொல்வதன் காரணம் இதுவே. ஒரு கிழமை தவறினால் முன்னைய கிழமைகளின் உழைப்பு வீணாகும்.

இங்கே நுட்பமான செய்தி ஒன்றுண்டு. ஈடிசு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரிலே ஒட்டி வைக்கும். நீரைக் கொட்டினாலும் முட்டைகள் காய்ந்த நிலையிலே பல மாதம் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டவுடன் பொரிக்கும். ஆகையால் தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். இதனை அறிந்த மாணாக்கன் அயல்வீட்டு அம்மாவுக்கு இரண்டு நிமிடத்திலே விளக்கலாம். இருவர் இருவராகப் பிரிந்து, ஒவ்வோர் ஒழுங்கைக்கும் ஒரு சோடி என வகுத்து, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணித்தியாலம் செல்கின்றனர். வீட்டார் அனுமதியின்றிப் படலையைத் தாண்டுவதில்லை. கண்டதைக் குறிப்புப் புத்தகத்திலே எழுதி மாதந்தோறும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுகின்றனர். வருடத்துக்கொருமுறை அறுபது பேர் செய்யும் ஆரவாரத்திலும், கிழமைக்கொருமுறை அறுவர் செய்யும் இவ்வேலை பயன் மிக்கது.

இரண்டாவது, பனைவிதை நடுதல். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. நிலத்தடியிலே சுண்ணக்கற் படையில் நிற்கும் நன்னீரே நமக்கு உயிர். காற்றையும் மண்ணரிப்பையும் தடுத்து நிலத்தைக் காப்பதிலே பனைக்குப் பெரும் பங்குண்டு. போர்க்காலத்திலே காப்பரண்களுக்கும் பிறவற்றுக்குமாகத் தறிக்கப்பட்ட பனைகள் மிகப் பல. ஆவணி, புரட்டாதியிலே பழம் விழும். மாரி தொடங்குமுன் விதையை நட்டால் மழை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். விதைக்குக் காசு இல்லை, பொறுக்கினாற் போதும்.

ஆயின் பனை நடுபவனுக்குப் பொறுமை வேண்டும். விதை முளைத்து முதலிற் கீழ்நோக்கியே செல்லும். மண்ணுக்குள்ளே கிழங்கு இறங்கிய பின்னரே குருத்தோலை வெளியே வரும். பல மாதம் மேலே யாதும் தெரியாது. இக்காலத்திலே மாடு மேய்ந்தும், குப்பைக்குத் தீவைத்தும், அறியாதார் கிழங்கெனக் கிண்டியும் அழிவன பல. பனை காய்ப்பதற்கு 12 ஆண்டுக்குக் குறையாது. 20 ஆண்டும் செல்லும். பாளை வருமுன் ஆண்பனையோ பெண்பனையோ என்றும் சொல்லமுடியாது. நட்ட நாளிலே ஆயிரம் விதை என்று எண்ணிச் சொல்வது எளிது. மூன்றாம் ஆண்டிலே உயிரோடு நிற்பவை எத்தனை என்று எண்ணுவதே தொண்டு. ஆறாம் வகுப்பிலே நட்ட பிள்ளை உயர்தரம் முடித்து வெளியேறும்போது தன் வடலியை அடுத்த ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கையளிக்கவேண்டும் என்பது நமது ஏற்பாடு. நடுமுன் காணி யாருடையது, மின்கம்பி மேலே செல்கின்றதா, வீதி அகலிக்கப்படுமா என்பவற்றைக் கேட்டறிவதும் மறவாத விதி.

மூன்றாவது, முதியோருக்குக் கடிதமும் பத்திரமும் வாசித்துக் கொடுத்தல். பிள்ளைகள் வெளிநாட்டிலே இருக்க, முதியவர் தனியே வாழும் வீடுகள் நம் ஊரிலே பல. கண்பார்வை குறைந்தோர்க்கு ஓய்வூதியப் பத்திரமும், வைத்தியசாலைச் சீட்டும், மின்சாரப் பட்டியலும் புதிர்களாக உள்ளன. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தினாலே தமிழும் ஆட்சிமொழியாயிற்று. ஆயினும் சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட கடிதம் சில வேளைகளிலே இன்றும் படலைக்கு வருவதுண்டு. கல்லூரியிலே இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கும் பிள்ளைக்கு, அப்படிப்பு எதற்கென்பது அன்றே விளங்கும். தமிழிலே ஒரு விண்ணப்பத்தைப் பிழையற எழுதுவது எவ்வளவு அருமையென்பது என் பாடவேளையிலே விளங்காத மாணாக்கருக்கும் அங்கே விளங்கியதைக் கண்டேன்.

இவ்வேலைக்கு விதிகள் கடுமையானவை. இருவராகவே செல்லவேண்டும். வாசித்ததைப் படலையோடு மறந்துவிடவேண்டும். பிறர் வீட்டுக் கடன், நோய், வழக்கு இவற்றைப் பற்றி வெளியே ஒரு சொல்லுஞ் சொல்லலாகாது. பணம் வாங்கிச் செலுத்துதல், பிறருக்காகக் கையொப்பமிடுதல், வங்கி அட்டையின் இரகசிய எண்ணைக் கேட்டல் என்பன முற்றாக விலக்கப்பட்டவை. எழுதியதை ஒருமுறை உரத்து வாசித்துக்காட்டி, அவர் ஆமென்ற பின்னரே ஒப்பமோ பெருவிரல் அடையாளமோ இடுவித்தல் வேண்டும்.

காப்பு

பெற்றோர் நம்மை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைக்கின்றனர். பெற்றோரின் எழுத்துமூல அனுமதி இல்லாத பிள்ளையை வெளியே அழைத்துச் செல்லலாகாது. பொறுப்பாசிரியர் ஒருவர் எப்போதும் அயலிலே இருக்கவேண்டும். செருப்பாயினும் சப்பாத்தாயினும் இன்றி எவரும் பற்றைக்குள் இறங்கலாகாது. கிணற்றுள் இறங்குதல், மலக்குழி திறத்தல், மரம் ஏறுதல், மின்சாரக் கருவி பிடித்தல் ஆகியன வளர்ந்தோரின் வேலை. மாணாக்கரின் வேலை அல்ல. போர் நடந்த பகுதிகளிலே மண்ணுள் வெடிபொருள் இன்னும் இருத்தல் கூடும். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத காணியிலே மண்வெட்டி வைக்கவே கூடாது. இனந்தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், தட்டாமல், எறியாமல், வந்த அடிவழியே திரும்பிப் பெரியோருக்கும் பொலிசாருக்கும் அறிவித்தல் வேண்டும். இதனை ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் சொல்வது எனக்கு வழக்கம். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்தாலும் சொல்வேன்.

கட்டாயமா, விருப்பமா?

தொண்டைக் கட்டாயமாக்கலாமா என்பது நெடுநாளைய வாதம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே 1999 இல் ஒன்பதாம் வகுப்பிற் சேர்ந்தோர் முதலாக, மேனிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெறுதற்கு 40 மணித்தியாலச் சமூகத்தொண்டு வேண்டப்படுகின்றது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலே 75 மணித்தியாலம் வேண்டப்படுகின்றது. இந்தியாவிலே, காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969 இல், பல்கலைக்கழக மாணாக்கருக்கென நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. அதிலே சேர்வது விருப்பத்தின் பாற்பட்டது. ரொறன்ரோவிலே வாழும் நம் பழைய மாணவர் பலர் தம் பிள்ளைகளின் 40 மணித்தியாலத்துக்குக் கையொப்பம் வாங்க அலைந்திருப்பர். அதன் நன்மையையும் குறையையும் அவர்களே நன்கறிவர்.

மணித்தியாலம் எண்ணுவதிலே குறை உண்டு. எண்ணிக்கை நிரம்பியவுடன் வேலை நின்றுவிடும். ஆயினும் தானாக ஒருபோதும் அயலார் படலையைத் திறக்காத பிள்ளையை அவ்விதி ஒருமுறையாவது திறக்கச் செய்கின்றது. என் கருத்து இரண்டுக்கும் நடுவே உள்ளது. ஆறாம் வகுப்பு முதல் ஒவ்வொரு மாணாக்கனும் ஒரு தவணை மட்டும் கட்டாயமாகச் செய்யட்டும். அதன்பின் தொடர்வது அவனவன் விருப்பம். சிறு தொகையினரே தொடர்வர்; அதுபற்றி வருந்த வேண்டியதில்லை.

படிப்புக் கெட்டுவிடுமே என்று கேட்கும் பெற்றோரை நான் குறைசொல்லேன். க.பொ.த. சாதாரண தரமும் உயர்தரமும் பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கும் நாட்டிலே அவ்வச்சம் இயல்பானது. ஆகையினாலேயே வெள்ளிக்கிழமை ஒரு மணித்தியாலம் என்று வரையறுத்தோம். பரீட்சை எழுதும் வகுப்பினரை அத்தவணையிலே விடுவிக்கின்றோம். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடக்கும் மாதங்களிலே அவர்களைத் திரும்ப அழைக்கின்றோம். கிழமைக்கு ஒரு மணித்தியாலத்தினாலே கெடும் படிப்பு முன்னரே கெட்டிருந்த படிப்பாகும்.

பழைய மாணவருக்கு ஒரு விண்ணப்பம்

விழா ஆண்டிலே பழைய மாணவர் கல்லூரிக்கு ஏதேனும் செய்ய விரும்புவர். நுழைவாயில் வளைவு, மண்டபம், சிலை எனப் பல எண்ணங்கள் எழும். அவற்றை நான் மறுக்கவில்லை. அவற்றோடு சிறிய பட்டியல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். மண்வெட்டி பத்து, கடகம் இருபது, தள்ளுவண்டி இரண்டு, கையுறை, தேய்க்கும் தூரிகை, முதலுதவிப் பெட்டி ஒன்று. இவற்றை வைத்துப் பூட்ட ஓர் அறை. இவற்றின்மேல் எவர் பெயரும் எழுதவேண்டியதில்லை. அப்பூதியடிகளின் தண்ணீர்ப்பந்தலை நினைத்துக்கொள்வோமாக.

ஊரிலே உள்ள பழைய மாணவரிடம் பொருளிலும் மேலான ஒன்றை வேண்டுகின்றேன். உங்கள் ஒழுங்கையிலே எவ்வீட்டில் முதியவர் தனியே இருக்கின்றார், எம்மதகு அடைத்துக் கிடக்கின்றது, எவ்வளவு பாழடைந்து கிடக்கின்றது என்பன உங்களுக்குத் தெரியும், மாணாக்கருக்குத் தெரியாது. அதைச் சொல்லுங்கள். கடல்கடந்து வாழ்வோர், தம் பூட்டிய வீட்டு வளவிலே தண்ணீர்த்தொட்டி மூடியிருக்கின்றதா என்று அயலாரைக் கொண்டு பார்ப்பித்தாலே, அது ஊருக்குச் செய்த ஒரு தொண்டாகும். ஆளில்லா வளவுகளே எங்கள் குறிப்புப் புத்தகத்திலே மிகுதியாக இடம்பெறுகின்றன என்பதை மனவருத்தத்தோடு சொல்கின்றேன்.

மாணாக்கருக்கு ஒரு சொல். நீங்கள் செல்லும் வீட்டிலே உங்களுக்குத் தண்ணீர் தருவார்கள், வாங்கிக் குடியுங்கள். அறிவுரை சொல்லத் தொடங்குமுன் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். தொடங்கியதை முடியுங்கள். முடித்த வேலையைத் திரும்பச் சென்று பாருங்கள். பாராட்டுக் கிடைத்தால் மகிழுங்கள். கிடையாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையும் செல்லுங்கள்.

பிடியரிசி இட்ட கைகள் இன்று இல்லை. அவர்களின் பேரரும் பூட்டரும் இவ்வூரிலேதான் இருக்கின்றனர். சிலர் நம் வகுப்புகளிலே இருக்கின்றனர். சிலர் நம் படலைக்கு எதிர்ப்படலையிலே இருக்கின்றனர். அக்கடன் முற்றாகத் தீராது. ஆயினும் கிழமைக்கு ஒரு பிடியாகத் தீர்க்கலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கல்லூரி வாயிலிலே மாணாக்கர் கூடுவர். அன்று ஊரிலே நிற்கும் பழைய மாணவர் எவராயினும் எம்மோடு சேர்ந்து நடக்கலாம்.

வாழ்க நமது கல்லூரி. வாழ்க அதனை வளர்த்த ஊர்.